கிராணிக்குக் கொடுத்த ஆறு பக்கங்கள்

என் நாவலில் காட்டிக்கொடுப்பவர் ஒரு தோட்டத்துக் கிராணி. தோட்ட அலுவலகத்துக் குமாஸ்தாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீடுகளை இடிக்க வருகிற லோரியைத் தடுக்க ஒரு பெண் மரப்பாலத்தைக் கழற்றி வைக்கிறாள். கிராணி அதை நிர்வாகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அதன் பிறகு கிராணி ஆறு பக்கங்களுக்குத் தூக்கமில்லாமல் தவிக்கிறார். நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் அந்த ஆறு பக்கங்களைத்தான் பாராட்டினார்கள்.

பாலத்தைக் கழற்றிய பெண் உண்மையில் இருக்கிறாள். அவள் என் தோழி. கிராணியும் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னது மட்டும் அவர் இல்லை. நான்.

ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பிறந்தோம். இருபது வருடங்களுக்கு முன்பு தோட்டம் கைமாறியது. புதிய முதலாளி ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போவதாகச் சொன்னார். தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளைக் காலி செய்ய மூன்று மாதத் தவணையில் ஒரு கடிதம் வந்தது. மாற்று வீடு என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நான் அப்போது சிகாமட்டில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தேன். மலாயில் மனு எழுதத் தெரிந்தவள் என்பதால் தோட்டத்துப் போராட்டக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு நான்கு மனு எழுதினேன். நான்குக்கும் "கிடைத்தது" என்று பதில் வந்தது.

என் தோழி பக்கத்து லயன். தோட்டத்து டிராக்டர் மெக்கானிக்கின் ஒரே மகள். பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவள் மனு எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "எழுதுறது உன் வேல. எழுது. எனக்கு அதுல நம்பிக்க இல்ல," என்று சொல்லிவிட்டாள்.

புல்டோசரை ஏற்றி வரும் பெரிய லோரி முன்பக்கச் சாலையில் வர முடியாது. அங்கே ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து வர வேண்டும், உயரம் போதாது. பின்பக்கம் ஓடையைக் கடக்கிற, ரப்பர் லோரிகள் போய்வந்த கெட்டியான மரப்பாலம் ஒன்றுதான் வழி. மக்கள் நடக்கவும் மோட்டார் சைக்கிள் ஓட்டவும் அந்தப் பாலத்தைப் பயன்படுத்தினார்கள். லோரி செவ்வாய்க்கிழமை வருகிறது என்று தெரிந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"அடியில இருக்கற போல்ட்ட கழட்டிட்டா போதும். பலக அப்படியே இருக்கும். மனுசன் நடக்கலாம், மோட்டர் போவலாம். லோரி ஏறுனா தாங்காது."

"ஏறுனா என்னடி ஆவும்?"

"விழும்."

"ஓட்டுறவன்?"

"ஞாயித்துக்கெழம வா," என்றாள். அவர்கள் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அப்பாவின் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். நான் மண்சாலை வளைவில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் அவள் முட்டி வரை சேறாக ஏறி வந்தாள். இருவரும் அவள் வீட்டில் மைலோ குடித்தோம். அவள் உற்சாகமாக இருந்தாள். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. சிகாமட்டில் சாப்பாட்டு நேரத்தில் தபால் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பொதுத் தொலைபேசியில் வீடுகளை இடிக்கும் வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எண் வீடு காலி செய்யச் சொன்ன கடிதத்திலேயே இருந்தது. ஒரு மலாய்ப் பெண் எடுத்தாள். நாளைக்கு மரப்பாலத்தில் லோரியை விடாதீர்கள், போல்ட் கழற்றியிருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. தோட்டத்து ஆட்கள் லோரியை நிறுத்த ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், போன வாரம் பாதையில் புலி வந்தது என்றார்கள், என்று சிரித்தாள். பேசுவது யார் என்று கேட்டாள். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அவள் நம்ப வேண்டும். "டிராக்டர் மெக்கானிக் மகள் கழற்றினாள், நான் பார்த்தேன்," என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பெயரைச் சொல்லவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு டிராக்டர் மெக்கானிக்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் லோரி பாலத்துக்கு முன்னாலேயே நின்றது. போலீஸ் ஜீப் கூடவே வந்தது. அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டு போனது அவளுடைய அப்பாவை. ஸ்பேனர்கள் அவருடையவை அல்லவா. இரண்டு இரவு அவர் லாக்கப்பில் இருந்தார். மூன்றாம் நாள் அவள் தானாகவே நிலையத்துக்குப் போய், செய்தது நான், அப்பாவை விடுங்கள் என்று சொன்னாள். அவளை உள்ளே வைத்துக்கொண்டு அவரை விட்டார்கள். அதே வாரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் அனுமதி வாங்கிப் புதிதாகப் பாதை போட்டு லோரி சுற்றி வந்தது. வீடுகளை இடித்துத் தள்ள இரண்டு நாள் ஆனது.

அவளுக்காக நான் செய்ததையும் சொல்ல வேண்டும். என் வழக்கறிஞர் முதலாளியிடம் கெஞ்சி வழக்கை எடுக்க வைத்தேன். தினமும் சோறு கொண்டுபோனேன். ஒவ்வொரு தவணைக்கும் அவளோடு நீதிமன்றத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். அவள் வேலை போய்விட்டது. அப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டங்கள் எதிலும் வேலை கிடைக்கவில்லை. அவர் லாபிஸ் கடைத்தெருவில் புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்த்துக் காலம் தள்ளினார். "எல்லாரும் ஓடிட்டாங்க. இவ ஒருத்திதான் நின்னா," என்று அவள் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொன்னாள்.

காட்டிக்கொடுத்தது யார் என்று தோட்டத்து மக்கள் பேசாத நாள் இல்லை. கிராணி மேல் சந்தேகம் விழுந்தது. அவர் சிலோன்காரர், மானேஜரோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார், அலுவலகத்தில் தொலைபேசி இருந்தது. அதற்கு மேல் சாட்சி யாரும் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் பேர் வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

பிறகு எல்லோரும் சிதறினோம். தோழி சிங்கப்பூரில் வேலைக்குப் போக ஆரம்பித்து, கல்யாணமாகி, பெர்மாஸ் ஜெயாவில் குடியேறினாள். நான் ஜொகூர் பாருவில் வேறொரு வழக்கறிஞரிடம் சேர்ந்தேன். அவள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்தான். அவள் மகளுக்குப் பேர் வைத்தது நான். கிராணி ஓய்வு பெற்று சிம்பாங் ரெங்கத்தில் ஒரு வரிசை வீடு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில அங்கே இருந்தன. அவர்கள் கட்டிய சிறிய கோயிலுக்கு அவர் செயலாளரானார். மலாயில் கடிதம் எழுத அவரை விட்டால் அங்கே ஆள் இல்லை. பழைய சந்தேகம் இருந்தது, ஆனாலும் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பியது என் நாவல்.

எழுதும்போது நான் யாரையும் பழிவாங்க நினைக்கவில்லை. போராட்டத்தைப் பற்றி எழுத வேண்டும், எங்கள் இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். தொலைபேசிக் காட்சி வந்தபோது ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். அப்புறம் கிராணியின் கையில் தொலைபேசியைக் கொடுத்தேன். கொடுத்ததும் எழுத்து சரளமாக ஓடியது. இன்னொன்றும் செய்தேன். நாவலில் என் தோழி போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, யாரும் விழுந்துவிடக் கூடாது என்று பாலத்தின் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுகிறாள். அது வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதினேன். கதாநாயகி கொலைகாரியாக முடியாது அல்லவா.

புத்தகம் வந்து மூன்று மாதம் கழித்து கிராணி கூப்பிட்டார். இருபது வருடங்களில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"பிள்ளை, உங்கட புத்தகம் வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறீங்கள்."

நன்றி சொன்னேன்.

"இஞ்ச கோயில்ல ஆக்கள் அதில இருக்கிற பக்கங்களைப் படம் பிடிச்சு வாட்ஸாப்பில போடினம். போன கிழமை கூட்டத்தில என்னை விலகச் சொல்லிட்டினம். அது பரவாயில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் தோட்டத்திலேயே இல்லை. என்ர மனுசியை சிகாமட் ஆஸ்பத்திரியில வைச்சிருந்தது. ஆரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

"அங்கிள், அது கற்பனைதானே," என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான்.

"ஓம். கற்பனைதான். அந்த மனுசன் ஆறு பக்கம் கிடந்து அழுந்துறாரே, அது எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

அலுவலகத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று ஆள் யாரும் காத்திருக்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, தோழி என் வீட்டுக்கு வந்தாள். அவள் நாவல் படிக்கிற பழக்கம் இல்லாதவள். வேலைக்குச் சிங்கப்பூர்ப் பாலம் கடக்கிற பஸ் வரிசையில் நிற்கும்போது நாளுக்கு நாலு பக்கம் என்று படித்து, அந்த வாரம்தான் முடித்திருந்தாள். புத்தகத்தை மேசை மேல் வைத்தாள்.

"செவப்புத் துணி எங்கேருந்துடி வந்துச்சு?"

"கதைக்காகப் போட்டேன்."

"நான் கட்டல."

"தெரியும்."

"கட்டணும்னு நெனைக்கக்கூட இல்ல. லோரி விழணும்னுதான் கழட்டுனேன். விழுந்தா திரும்பி வர மாட்டானுங்கன்னு நெனச்சேன். உள்ள ஒருத்தன் உக்காந்திருப்பான்னு நீ கேட்ட இல்ல, அப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அவன் நம்ம வீட்ட ஒடைக்க வர்றவன்தான, அப்படின்னு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் புருசன்கிட்டகூட. இருபது வருசமா நான் வச்சிட்டிருக்கேன். நீ ஒரு துணியக் கட்டி என்னைய நல்லவளாக்கிட்ட."

நான் மேசை மேலிருந்த புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை.

"அந்த டிரைவர் ஸ்டேசனுக்கு வந்தாரு, தெரியுமா? சாட்சி சொல்ல. மலாய்க்காரரு, நம்ம அப்பா வயசு இருக்கும். என்னையத் திட்டுவாருன்னு பார்த்தேன். எத்தன போல்ட்டு கழட்டுனேன்னு மட்டும் கேட்டாரு. பதினாறுன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போய் உக்காந்துட்டாரு. ஒன் புத்தகத்துல அவரே இல்லையே. லோரி தானா வருது, தானா நிக்குது."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இருநூற்று எழுபது பக்கத்தில் ஓட்டுநர் ஒரு வரியில்கூட இல்லை. யாருக்காகத் தொலைபேசியில் பேசினேனோ அந்த ஆளையே நான் எழுதவில்லை. அவரை எழுதியிருந்தால் பேசியது யார் என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.

"போன் பண்ணது கிராணி இல்ல," என்றேன். "நான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்ன? வார்த்த வார்த்தையா சொல்லு."

சொன்னேன். மெக்கானிக் மகள் என்று சொன்னதையும் சொன்னேன்.

"என் பேர சொல்லியிருக்கலாம்ல."

"சொல்ல மனசு வரல."

"மெக்கானிக்னு சொன்னதாலதான் அப்பாவ மொதல்ல புடிச்சானுங்க. ரெண்டு நாளு. அவருக்கு என்ன விசயம்னே தெரியாது. உள்ள அடிச்சாங்களான்னு கேட்டா கடைசி வரைக்கும் சொல்லல."

அவள் அப்பா இறந்து ஏழு வருடமாகிறது. இறுதிச் சடங்கில் முதல் வரிசையில் நின்று அழுதவர்களில் நானும் ஒருத்தி.

"போன் பண்ணது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "விழுந்திருந்தா நான் இன்னைக்கு எங்க இருந்திருப்பேன்னு எனக்குத் தெரியும். ஆனா ஞாயித்துக்கெழம மத்தியானத்துலேருந்து செவ்வாக்கெழம வரைக்கும் நேரம் இருந்துச்சே. என் வீட்டுல உக்காந்து மைலோ குடிச்ச. போல்ட்ட திருப்பி மாட்டு, இல்லன்னா போய் சொல்லிடுவேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? நான் உன்ன அறைஞ்சிருப்பேன். அப்பறம் மாட்டியிருப்பேன்."

மாட்டியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கிற வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் கோபத்துக்குப் பயந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இதில் ஓட்டுநரின் உயிர் ஒரு பாதி. என் கோழைத்தனம் ஒரு பாதி. நாவலில் கிராணிக்கு நான் கொடுத்தது இரண்டாவது பாதியை மட்டும்.

"கிராணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"எந்திரி. போலாம்."

அவள் காரில்தான் போனோம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இருபுறமும் செம்பனை. அவள் வானொலியைப் போடவில்லை. ஒரு முறை மட்டும், "பசிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த அக்கறை எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கிராணி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இறந்து தனியாக இருக்கிறார். எங்களை அடையாளம் தெரிந்ததும் சட்டை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். கூடத்தில் உட்கார வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அந்த ஆறு பக்கமும் உங்கட சொந்தம்."

"ஆமா அங்கிள்."

"ஏன் எனக்குத் தந்தனீங்கள்?"

பதில் யோசித்து வைத்திருந்தேன். மக்கள் ஏற்கனவே அப்படி நம்பியிருந்தார்கள், கதைக்கு அது பொருத்தமாக இருந்தது, இந்த மாதிரி. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "நீங்க திருப்பிக் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றேன். அதுதான் உண்மை.

தோழி அவரைப் பார்த்து, "உங்கள கல்யாண வீட்டுல எல்லாம் பார்த்திருக்கேன் ஐயா. வேணும்னே மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன். உங்க மனைவி சாவுக்கும் வரல. மன்னிச்சிருங்க," என்றாள்.

"மனுசி உங்களைப் பற்றிக் கதைச்சவ," என்றார் அவர். "அந்தப் பிள்ளைக்குத் துணிவு எண்டு. எனக்கு அது சரியாப் படேல்லை. பாலத்தைக் கழட்டுறது எனக்கு இண்டைக்கும் சரியாப் படேல்லை."

"எனக்கும்தான்," என்றாள் அவள்.

அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். எங்கள் மூவருக்கும். குடித்துக்கொண்டே, கோயிலில் வந்து சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்த பிறகு சொன்னேன். இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள், பெரும்பாலும் எங்கள் லயன்காரர்கள். நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. யாரும் கத்தவில்லை. பாதிப் பேர் நம்பவே இல்லை. வயதான ஒருவர், "கிராணி ஐயா பாவம்னு நீ பழிய ஏத்துக்கற, எங்களுக்குத் தெரியாதா," என்றார். ஓர் அம்மாள், நீ செய்ததால்தான் ஓர் உயிர் தப்பித்தது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒருவர் மட்டும், தோழியின் அப்பாவோடு வேலை செய்தவர், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் ஒருவர்தான் நான் சொன்னதைச் சரியாகக் கேட்டவர்.

கிராணியைத் திரும்பவும் செயலாளராக இருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வாக இருப்பது பிடித்துப்போய்விட்டது என்றாராம்.

பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போடலாம் என்று கேட்டபோது, முன்னுரையில் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அப்படியென்றால் நாவல் நாவலாக இருக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் யோசித்து, இரண்டாம் பதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது சரியான முடிவா என்று தெரியவில்லை. முன்னுரை எழுதாமல் தப்பிக்க இன்னொரு வழியாகவும் அது இருந்திருக்கலாம்.

கிராணிக்கு ஒரு கண்ணில் புரை. மாதம் ஒரு முறை குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோழி விடுமுறை எடுத்துக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவிலிருந்து போய் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இருவரும் வழியில் என்ன பேசுவார்கள் என்று தெரியாது. அவள் மகள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

என்னோடு அவள் ஏழு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டாள். கிராணியின் காப்பீட்டு விண்ணப்பப் பாரத்தில் ஒரு சட்டச் சொல் விளங்கவில்லை என்றாள். விளக்கினேன். எழுதிக்கொண்டாள். வைக்கும் முன், "சரி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆறு வயதிலிருந்து அவள் என்னை "டி" போட்டுத்தான் பேசியிருக்கிறாள். சாப்பிட்டேன் என்று சொன்னேன். இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாள், ஏதாவது பாரம், ஏதாவது கடிதம். மரியாதையாகப் பேசுகிறாள்.